விரலில் நின்ற ஊசி முனை

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இடது ஆள்காட்டி விரல் வீங்கி மினுமினுப்பு. சிவப்பு முழங்கை வரை. காய்ச்சல் 102.

போன வெள்ளி தைத்துக்கொண்டிருக்கும்போது மெஷின் ஊசி விரலில் இறங்கி உடைந்தது. டெய்லர் வேலையில் இதெல்லாம் சகஜம் என்று பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்தேன். என் புத்தி.

டாக்டரம்மா கேட்டார்: "ஊசித் துண்டு ஏதாவது உள்ள நின்னுடுச்சா?"

"இல்லைங்க, எல்லாத் துண்டும் கெடச்சிட்டு."

கம்பெனியில் சட்டம் அப்படி. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் புது ஊசி. பனியனில் முனை தங்கி வெளிநாட்டில் ஏதாவது ஒரு குழந்தையைக் குத்திவிட்டால் ஆர்டர் போய்விடும். அன்றைக்கு முனை மட்டும் கிடைக்காமல் லைனே நின்றது. காந்தம் வைத்துத் தரையெல்லாம் தேடினார்கள். கடைசியில் சூப்பர்வைசர் அண்ணாச்சிதான் "இந்தா கெடச்சிட்டு" என்று தூக்கிக் காட்டினார். எங்கள் ஊர்க்காரர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்.

முதலில் டெஸ்ட் டோஸ். நர்ஸ் பொண்ணு: "அரை மணி நேரம் பாக்கோணுங்க்கா. அரிச்சா ஒடனே சொல்லிப் போடுங்க."

அரிக்கவில்லை. வலது புறங்கையில் குழாய் மாட்டி ஆன்டிபயாட்டிக் ஊசி. ஏறும்போது கை முழுக்க எரிச்சல். காலை ஒன்று, மாலை ஒன்று.

வெளியே என் வீட்டுக்காரரிடம் டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது. மருந்து கேட்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாமாம். விரல் போனால் நான் எப்படித் தைப்பேன்? பயமாக இருக்கிறது.

அக். 15, புதன்

மழை. காய்ச்சல் அப்படியே.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லணும். மாடியில் காயப்போட்ட துணி, போனது போனதுதான். அம்மாவுக்குப் போன்: தீபாவளிக்கு வரவில்லை. காரணம் சொல்லக் கூடாது.

இடது கை வீக்கம், வலது கையில் குழாய். அதனால்தான் எழுத்து இந்த லட்சணம். வீட்டுக்காரர் தலை வாரிவிட்டார். கம்பெனி வேன் ஓட்டுகிற கை. பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மா: "உங்கூட்டுக்காரரு சடையெல்லாம் போடறாருங்களா! எங்கூட்டுல சீப்பு எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க."

சிரித்தேன். அவர் டீ வாங்கப் போனதும் அழுதேன்.

அக். 16, வியாழன்

விரல் கறுக்கிறது. வேறு மருந்து. மறுபடி டெஸ்ட் டோஸ், மறுபடி அரை மணி. சலிப்பு.

டாக்டரம்மா எதற்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கீற்று. ஊசி முனை.

"எல்லாத் துண்டும் கிடைச்சுதுன்னு சொன்னீங்களேம்மா?"

என் கண்ணால் பார்த்தேனே. அப்படியானால் அண்ணாச்சி காட்டியது எது? போன் போட்டேன்.

"லைன் நின்னு போச்சுல்லா பிள்ள. ஒடஞ்ச ஊசி போடுத டப்பால பழைய முனை ஒண்ணு கெடந்துச்சு, அத எடுத்துக் காட்டிட்டேன். துணி பூராவும் மெட்டல் டிடெக்டர்ல விட்டுப் பாத்தாச்சு, முனை இல்ல. தரையில எங்கயாச்சும் போயிருக்கும்னு நெனச்சேன்."

துணியை ஒவ்வொரு பீஸாகப் பார்த்திருக்கிறார்கள். என் விரலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாலை ஆபரேஷன்.

அக். 17, வெள்ளி

தூக்கம். காய்ச்சல் 100. ஊசி இரண்டு. இட்லி ஒன்று.

அக். 18, சனி

வெயில். காய்ச்சல் இல்லை. விரலை மடக்கச் சொன்னார் டாக்டரம்மா. பாதி மடங்கியது. "விரல் தப்பிச்சுதும்மா." ஊசி மட்டும் இன்னும் சில நாள் உண்டு.

எடுத்த முனையைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாதி அரிசி கூட இருக்காது.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார், ஒரு பை சாத்துக்குடியோடு. உட்காரவில்லை. கண் குப்பியிலேயே.

"அத இங்கனயே போட்ரு பிள்ள. தீபாவளி கழிச்சு ஆர்டர்காரங்க ஆடிட் வருது. ஒரு ஊசிக்கு ரெண்டு முனைன்னா என் சோலி போயிரும்."

விரல் எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. வேலை வாங்கிக் கொடுத்த மனுஷன் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் படியிறங்கிய பிறகுதான் கோபம் வந்தது. சாத்துக்குடியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாலை ஊசிக்கு வந்த நர்ஸ் பொண்ணு குப்பியை எடுத்தாள். "இதையக் குப்பையில போட்டரட்டுங்களாக்கா?"

"வேண்டாம்மா. அங்க வை."

வேலைக்குப் போகிற அன்று கொண்டுபோவேன். எல்லாத் துண்டும் கொடுத்தால்தானே புது ஊசி.