ஃபைலில் இல்லாத தாள்

ஜூன் 4, புதன்
காலையிலேயே புழுக்கம். லேபில் ரிப்போர்ட் வாங்கினேன். வெள்ளைப்படுகிறது என்று சொன்னதற்கு, போன வாரம் டாக்டர் பஞ்சுக் குச்சியில் எடுத்து அனுப்பியது. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருக்கிறதாம். எந்த இடத்தில் எடுத்தது என்பதும் முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில். டாக்டர் ஊரில் இல்லை. போனில் கேட்கக் கூச்சம். கெட்ட நோயாக இருந்தால்? குமரேசன் என்ன நினைப்பார்?
வாங்க: வெற்றிலை, பச்சை வளையல், ஊக்கு.

ஜூன் 8, ஞாயிறு
வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். விளாங்குடி வீடு கொள்ளாத கூட்டம். எலுமிச்சை சாதம் பத்தவில்லை. மாமியார் என் ஆஸ்பத்திரி ஃபைலைத் தாம்பாளத்தில் வைத்து அம்மாவிடம் கொடுத்தார். "இனி ஒங்க பொறுப்பு மதினி." சித்தி அங்கேயே புரட்டுவாள் என்று தெரியும். புரட்டினாள். அந்தத் தாளைக் காலையிலேயே உருவிவிட்டேன்.
"எல்லாம் நார்மல்தான?"
"நார்மல்தான் சித்தி."
சொல்லி வைத்த கார் வரவில்லை. "காருக்குக் காத்துக் கெடந்தா ராகு காலம் வந்துரும், பஸ்ஸுலயே கெளம்புங்க" என்றார் மாமியார். திருமங்கலம் அம்மா வீடு வரை நல்ல குலுக்கல். இடுப்பு வலி.

ஜூன் 12, வியாழன்
ஆஸ்பத்திரி. செவ்வாய் காலை பனிக்குடம் உடைந்தது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. ஆறு வாரம் முந்திப் பிறந்துவிட்டாள். மூச்சுத் திணறல், ரத்தத்தில் கிருமி. கண்ணாடிப் பெட்டியில்.
குழந்தை டாக்டர் அன்றே கேட்டார். "முன்னாடி இன்ஃபெக்‌ஷன் ஏதாவது இருந்ததாம்மா?" அம்மா பக்கத்தில் நின்றாள். இல்லை என்றேன். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது என் மானத்தைப் பார்த்தேன். தூ.
இன்று தனியாக இருக்கும்போது தாளைக் காட்டினேன். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இது நெறைய பேர் உடம்புல சும்மாவே இருக்குற கிருமிம்மா. இதுல அசிங்கம் ஒண்ணுமில்ல. தெரிஞ்சிருந்தா, பிள்ளைக்குத் தொத்தாம இருக்க, வலி வந்ததுமே உங்களுக்கு ஊசி போட்டிருப்பாங்க." திட்டியிருந்தால் தேவலை. வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதையும் கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
தூறல். பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. குழாயில் பால், ஐந்து மில்லி. கண் திறந்தாளாம், நான் பார்க்கவில்லை. நர்ஸ்: "தேறிட்டா, பயப்படாதீங்கக்கா."
குமரேசன் அத்தையிடம் நான்கு நாளாகப் பேசுவதில்லை. போனில் ஒரே ஒருமுறை, என் காதுபடவே: "ஒங்க ராகு காலம் எம் புள்ள உசுரக் கேட்டுச்சும்மா." நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.
மதியம் அத்தை தனியாக வந்தார், ரசம் சாதத்தோடு. வராண்டாவில் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நானும் பார்த்தேன். உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸுல அனுப்புனது நாந்தான் தாயி. எம் மேல கோவமா?"
இப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை.
"விடுங்கத்த. வேணும்னேவா செஞ்சீங்க?" என்றேன்.
அவரை மன்னித்துவிட்டேன்.