கௌசிக்குக் கட்டிய கம்புகள்

மார்கழி, வெள்ளிக்கிழமை.

இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது. சம்பியன் கௌசி இன்று ஊர்ச் சனத்துக்குக் கயாக் படகு ஓடிக் காட்டினாள். தண்ணீருக்கு மேலே சோடி சோடியாகத் தொங்கும் கம்புகளுக்கு இடையால், முட்டாமல் படகை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். நானும் அவளும் ஒன்றாகத்தான் படகோட்டப் பழகத் தொடங்கினோம். இன்று பொன்னாடை அவளுக்கு. எனக்குக் கம்பு கட்டுகிற வேலை.

கடைசிச் சோடியை வேண்டுமென்றே நெருக்கிக் கட்டினேன். சனத்துக்கு முன்னால் ஒருதரமாவது முட்டட்டும்.

முட்டவில்லை. உடம்பைச் சரித்துப் போய்விட்டாள். கரையேறி வந்து ஈரத்தோடு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"நீ எப்பவும் இப்பிடி நெருக்கித்தானேடி கட்டுறனீ! அதாலதான் நான் போட்டியில வெண்டனான்."

பழகிய காலத்திலும் எரிச்சலில்தான் அப்படிக் கட்டினேன்.

நாளைக்கு இன்னும் நெருக்கிக் கட்ட வேண்டுமாம்.