கௌசி காசியிலிருந்து அனுப்பின வீடியோ

31 ஒக்டோபர், வெள்ளி

விடிய மழை. முத்தம் முழுக்கத் தண்ணி. விதைச்சது தப்பும் எண்டு இவர் சொன்னார். எனக்கு விரதம். கோயிலால வந்துதான் சமையல்.

கௌசி காசிக்குப் போய்ச் சேர்ந்திட்டாள். அங்கத்தைப் பல்கலைக்கழகத்தில வயலின் படிக்க ஸ்கொலர்ஷிப். போன் எடுத்தவள். குரல் அடைச்சுக் கிடந்தது, தடிமன் எண்டாள்.

அவள் சொன்ன புதினம்: ஒழுங்கை ஒரு ஆள் போற அகலம். மாடு வந்தால் மாட்டுக்குத்தான் இடம். தேத்தண்ணி சின்ன மண் கோப்பையில, குடிச்சிட்டு எறிஞ்சு உடைக்க வேணுமாம். இவளுக்கு மனம் வரேல்லை. கழுவி ஹொஸ்டலுக்குக் கொண்டுபோய் வச்சிருக்கிறாள்.

"கோயில் மணி கேக்குதோ பிள்ளை?"

"ஹோன் சத்தம்தான் கேக்குது அம்மா."

நான் வாசிச்ச காசி வேறை.

செலவு: போனுக்கு டேற்றா, தேங்காய், கற்பூரம்.

2 நவம்பர், ஞாயிறு

மப்பு. உடுப்புக் காயேல்லை.

பக்கத்து வீட்டு மலர் அக்கா கருவேப்பிலை கேட்டு வந்தா. "காசிக்குப் போனால் விருப்பமான சாப்பாடு ஒண்டை விடவேணுமே. உம்மட மகள் என்னத்தை விட்டவா?"

பாவக்காயாம். அதைக் கண்டாலே எழும்பி ஓடுறவள்.

"நான் போனால் என்ர மனிசனை விட்டிட்டு வருவன்" எண்டா.

"விருப்பமானதையெல்லோ விடவேணும்."

"அப்ப வெத்திலையை விடுறன்."

சிரிச்சனாங்கள். எனக்கு வாய் மட்டும்.

பின்னேரம் கௌசி. ஒழுங்கையால பிரேதம் போகேக்க சனம் ஜிலேபித் தட்டோட ஒதுங்கி வழி விடுதாம், பிறகு திரும்பச் சாப்பிடுதாம். எரிக்கிற விறகைத் தராசில நிறுத்துக் குடுக்கினமாம். பயமோ எண்டு கேட்டன். "முதல்நாள் பயந்தனான். இப்ப இல்லை."

கங்கைக்கரையில ஒரு ஐயரைப் பிடிச்சு எங்கட நாலு பேருக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னன். பேரும் நட்சத்திரமும் அனுப்பினன். அண்ணான்ர படத்தையும் கங்கைக்குக் காட்டு எண்டன்.

மூத்தவன் நிரூபன், சண்டை முடிஞ்ச கடைசியில பாலத்தடி வரிசையில எங்களோட நிண்டவன். பேர் பதிய எண்டு ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவை. அவ்வளவுதான். கௌசி அப்ப என்ர இடுப்பில. வெள்ளிக்கு வெள்ளி அவன்ர பேரிலயும் அர்ச்சனை. அவிட்டம். உயிரோட இருக்கிறாக்களுக்குத்தான் அர்ச்சனை செய்யிறது.

செலவு: சீனி, சவர்க்காரம்.

5 நவம்பர், புதன்

போயா. மழை விட்டிருந்தது. கௌசி வீடியோ அனுப்பினவள். பூரணை எண்டு அங்க படியெல்லாம் விளக்கு. அவளோட படிக்கிற பிள்ளை எடுத்ததாம்.

கரையில ஐயர். போனில நிரூபன்ர படத்தைப் பாக்கிறார். ஏதோ கேக்கிறார், ஹிந்தி. இவளுக்கு விளங்கேல்லை, தலையை ஆட்டுறாள். பிறகு தர்ப்பை. மா உருண்டை. எள்ளு. எள்ளும் தண்ணியும் இவள்ர கையால வழியுது. நிரூபன் எண்டு ஐயர் வடிவாச் சொல்லுறார். மற்ற எங்கட மூண்டு பேரையும் சொல்லேல்லை.

"ஐயர் நல்லவர் அம்மா, ஆறுதலாச் செய்தவர்" எண்டு கீழ எழுதியிருந்தாள்.

இவர் போனை வாங்கித் திரும்பவும் போட்டுப் பாத்தார்.

"இது செத்தாக்களுக்கு, அந்தியேட்டிக்குச் செய்யிறது."

"ஓம்."

பெட்டைக்கு எப்பிடித் தெரியும். கீரிமலைக் கடற்கரைக்கு ஆம்பிளையள் போய்ச் செய்யிறது. எங்கட வீட்டில செய்யவும் இல்லை.

"செய்தது செய்தாச்சு" எண்டார். "காசியிலயெல்லோ."

துவாயை எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனார். தலையில வாக்கிற சத்தம் குசினிக்குக் கேட்டது. வாளி வாளியா. செத்தவீட்டுச் சேதி கேட்டால் முழுகிறதுதான்.

நான் முழுகேல்லை. பருப்பு அடிப்பிடிச்சிட்டுது. சட்டியை ஊறப் போட்டன்.

கணக்கு எழுதேல்லை.

6 நவம்பர், வியாழன்

வெயில். உடுப்புக் காய்ஞ்சிட்டுது.

கௌசி எடுத்தவள். "அப்பா சொன்னவர். எனக்குத் தெரியாதம்மா. கோவமோ?"

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன?"

"ரொட்டி."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி."

அழுகை வரேல்லை. கை மட்டும் விறைச்ச மாதிரி. அரிசி களைஞ்சால் தண்ணி குளிருதோ சுடுதோ தெரியேல்லை.

இவர்ர நெத்தி வெறுமை. சாமியறைப் பக்கம் வரேல்லை. செத்தவீட்டுத் துடக்காம். விளக்கு நான் வச்சன்.

"நாளைக்குக் கோயில் இல்லைத்தானே?" எண்டார்.

நான் அர்ச்சனைக்குப் பூ ஆய்ஞ்சு தண்ணி தெளிச்சு வச்சன்.

செலவு: திரி.

7 நவம்பர், வெள்ளி

தூறல். வெள்ளன எழும்பி முழுகினன். வெள்ளிக்கிழமை முழுக்கு.

இவர் வாசலில. "துடக்கோட கோயிலுக்கோ?"

"ஆருக்குத் துடக்கு?"

மோட்டச்சைக்கிளை வெளிய எடுத்தார். கோயில் கேற்றோட நிப்பாட்டினார். உள்ள வரேல்லை.

ஐயர் தட்டை வாங்கினார். "வழமையான நாலு பேரும்தானே அம்மா?"

எங்கட பேருகள் அவருக்குப் பாடம். எண்டாலும் கேட்டார். நான் திரும்பிப் பாத்தன். பின்னால ஆரோ செருமினவை. கேற்றடியில இவர் இஞ்சாலதான் பாத்துக்கொண்டு நிக்கிறார்.

"ஓம் ஐயா. நாலு பேரும்."

நிரூபன், அவிட்டம் எண்டு சொல்லுமட்டும் கண்ணை மூடேல்லை.

வெளிய வந்து திருநீறு நீட்டினன். இவர் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் ஈரம். திருநீறைச் சீலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு பின்னுக்கு ஏறினன்.

செலவு: வெத்திலை, கற்பூரம், அர்ச்சனை நாலு பேருக்கு.