ஒன்பதாம் பக்கம்

ஜூன் 12, செவ்வாய்

மருந்துகள் பக்கம் இன்று முடிந்தது. இருபத்துநான்கு பக்கக் கையேட்டில் இந்த ஒரு பக்கம்தான் மூன்று நாளாக என் உயிரை எடுத்தது. அக்டோபரில் இங்கே கோபேயில் தூக்க மருத்துவர்களின் உலக மாநாடு. வெளிநாட்டிலிருந்து தொள்ளாயிரம் பேர் வருகிறார்கள். எந்த ரயில், எந்தப் பிளக்கு, டிப்ஸ் வைக்காதீர்கள், குப்பையை அறைக்கே எடுத்துப்போங்கள், செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்கள் உண்டு என்பதால் ஓட்டை இல்லாத காலுறை போட்டு வாருங்கள் — எல்லாம் நான் எழுதியது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தடவை வருகிறவனுக்கு இதுதான் வேதம்.

ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் சிரிப்பில்லை. "ஆம்பெட்டமின் கலந்த மருந்தை எக்காரணம் கொண்டும் கொண்டுவராதீர்கள். உங்கள் மருத்துவர் எழுதிய சீட்டு இருந்தாலும் கைது செய்யப்படுவீர்கள்." சில நாடுகளில் அது சாதாரண மருந்து, இங்கே தடை செய்த போதைப்பொருள். சுங்க அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்.

ஜூன் 19, செவ்வாய்

ஒப்புதல் சுற்றுக்குப் போன பிரதி திரும்பி வந்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில் நகுமோ-சானின் சிவப்புப் பென்சில். என் இரண்டு வரியும் அடிபட்டிருந்தன. பதிலுக்கு அவர் எழுதியது: "சில மருந்துகளுக்கு விதிமுறைகள் உள்ளன. முன்கூட்டியே கவனித்துக்கொண்டால் மகிழ்வோம். மருத்துவர் சீட்டை உடன் வைத்திருப்பது நல்லது."

நகுமோ-சான் எங்கள் பிரிவின் தலைவர். முப்பது வருடமாக மாநாடு நடத்துகிறவர். ஒரு விருந்தாளியின் முகம் சுளித்தால் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"முரோய்-சான், வீட்டுக்கு வர்றவங்க கிட்ட வாசல்லயே 'கைது'ன்னா சொல்லுவோம்?" என்றார்.

"சீட்டு இருந்தாலும் கூடாதுங்க. அதுதானே விஷயமே."

"அவங்க எல்லாரும் டாக்டருங்க. அவங்களுக்குத் தெரியாதா மருந்தப் பத்தி?"

மருந்தைப் பற்றித் தெரியும். எங்கள் சட்டத்தைப் பற்றி எப்படித் தெரியும்? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் சொன்னேன். மனதுக்குள் நான் பெரிய ஆள்.

ஒப்புதலுக்கு ஓரத்துக் கட்டங்களில் ஐந்து பேரின் பெயர் முத்திரை வேண்டும், இங்கே அதுதான் கையெழுத்து மாதிரி. என் முத்திரையை வழக்கம்போல இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம்தான் தலைவரின் கட்டம். கீழே இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வைப்போம், பெயரே குனிந்து வணங்குகிற மாதிரி. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகவே சாய்கிறது.

ஜூலை 4, புதன்

நார்வேயிலிருந்து ஒரு மின்னஞ்சல். டாக்டர் சிக்னே ட்வைட் என்ற பெண்மணி. "நான் தினமும் ஒரு மருந்து சாப்பிடுகிறேன். என் மருத்துவரின் கடிதம் இருக்கிறது. அது போதுமா?"

என்ன மருந்து என்று கேட்டிருக்கலாம். கேட்டால் உங்களுக்கு என்ன நோய் என்று கேட்ட மாதிரி ஆகும். முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் ஒரு டாக்டரிடம், அதை எப்படிக் கேட்பது? அடித்தேன், அழித்தேன். கடைசியில் ஒன்பதாம் பக்கத்திலிருந்து மூன்று வரியையும் எடுத்து ஒட்டி அனுப்பிவிட்டேன். ஒப்புதல் ஆன வாசகம் அதுதானே.

"மிக்க நன்றி, நிம்மதியாக இருக்கிறது" என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

ஆகஸ்ட் 15, புதன்

விடுமுறை. அக்காவின் சலவைக்கடையில் உதவி. வெயில், ஸ்டார்ச் வாசனை. "இவ்வளவு படிச்சுட்டு வெளிநாட்டுக்காரனுக்குக் காலுறை போடச் சொல்லிக்குடுக்கிறியாக்கும்" என்று நாள் முழுக்கக் கிண்டல்.

அக்டோபர் 20, சனி

காலை பத்தேமுக்காலுக்கு விமான நிலைய வரவேற்பு மேசையிலிருந்து போன். விமானம் வந்து இரண்டு மணி நேரமாகியும் ஒருவர் வெளியே வரவில்லையாம். டாக்டர் ட்வைட்.

பதினொன்றரைக்குத் தெரிந்துவிட்டது. சுங்கத்தில் பை சோதனை. மாத்திரைப் பெட்டி. அவர் ஒளிக்கவே இல்லையாம். தானாகவே எடுத்துக் காட்டி, கூடவே மருத்துவரின் கடிதத்தையும், எங்கள் கையேட்டையும் நீட்டினாராம்.

ஆம்பெட்டமின்.

நான்தான் சொன்னேனே, ஜூனிலேயே சொன்னேனே — இல்லை, ஜூலையில் என்ன சொன்னேன்? அதைச் சொல்லு முதலில்.

அக்டோபர் 22, திங்கள்

நகுமோ-சான் எங்களை உட்காரவைத்துப் பேசினார். குரல் உயரவே இல்லை. "கையேட்டுல விதிமுறை இருக்குன்னு போட்டிருக்கோம். கவனிச்சுக்கச் சொல்லியிருக்கோம். நம்ம பக்கம் தப்பில்ல. நாளைக்குத் தொள்ளாயிரம் பேர் உள்ள வர்றாங்க. இது முடியட்டும்."

அப்புறம் என்னை மட்டும் தனியாக: "அந்த மெயில் உங்க பேர்லதான் போயிருக்கு முரோய்-சான். நான் உங்களைக் காப்பாத்தணும்னுதான் நினைக்கிறேன்."

காப்பாற்றுகிறாராம். மார்ச்சில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. எனக்குப் புரிந்தது என்று அவருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 24, புதன்

மாநாட்டின் இரண்டாம் நாள். காட்சிக் கூடத்தில் ஆராய்ச்சிச் சுவரொட்டிகள் வரிசை வரிசையாக. டாக்டர் ட்வைட்டின் 217ஆம் பலகை காலி. அதில் ஒட்டுவதற்கு ஒரு தாளை நான்தான் அச்செடுத்தேன்: "சொந்தக் காரணங்களால் பங்கேற்கவில்லை."

சொந்தக் காரணம்.

அவருடைய ஆராய்ச்சித் தலைப்பை இன்றைக்குத்தான் நிகழ்ச்சி நிரலில் முழுசாகப் படித்தேன். பகலில் நினைத்த நேரத்தில் தூக்கம் ஆளை அடித்துப் போடும் நோய். அந்த நோயோடு வேலை பார்ப்பவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. அவருக்கே அந்த நோய் இருக்கிறது என்று பக்கத்துப் பலகைக்காரர் சொன்னார். மாத்திரை சாப்பிட்டால்தான் விழித்திருக்க முடியுமாம். சாதாரணமாகத்தான் சொன்னார், அவர்கள் வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல. நான் கேட்கக் கூச்சப்பட்டது இதைத்தான்.

கேட்டிருந்தால் இரண்டே வரியில் பதில் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 26, வெள்ளி

நிறைவு விழா. கையேடு ரொம்பப் பிரமாதம் என்று நான்கு பேர் என்னிடமே வந்து சொன்னார்கள். ஓட்டையில்லாத காலுறையைக் காட்டி ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 30, செவ்வாய்

நாளிதழில் ஐந்து வரிச் செய்தி. பெயர், வயது முப்பத்தெட்டு, "போதைப்பொருள் கடத்தல் சந்தேகம்". அதை வெட்டி எடுத்துப் பணப்பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 1, வியாழன்

காவலை இன்னும் பத்து நாள் நீட்டித்துவிட்டார்கள்.

நவம்பர் 3, சனி

இன்றும் விடுமுறை, இன்றும் அக்கா கடை. சட்டை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜூன் பிரதி, சிவப்புப் பென்சில், ஜூலை மெயில், மார்ச் ஒப்பந்தம். அக்கா இஸ்திரியைக் கீழே வைக்கவே இல்லை.

"அந்தப் பழைய தாள் எங்க இருக்கு?"

"என் மேஜை டிராயர்ல. அஞ்சு முத்திரையோட."

"அப்ப அவ வேணும்னு கொண்டாரலன்னு காட்ட அந்தத் தாள் போதும்ல?"

"போதுமான்னு தெரியாதுக்கா. உதவும்."

"ரெண்டு வாரமா டிராயர்லயா வெச்சிருக்க?"

அடுத்த சட்டையை எடுத்தேன்.

"உன் தலைவர் கெட்டவரு, சரி. நீ யாரு, சிட்ஸுரு? அவ உள்ள உக்காந்திருக்கா. நீ இங்க வந்து எஞ்சட்டைய மடிச்சுக்கிட்டு இருக்க. அதுவும் கோணலா மடிக்கிற."

அழுகை வந்துவிட்டது. அக்கா ஒரு துண்டை எடுத்து என் மேல் எறிந்தாள். "துடைச்சுக்க. அது கஸ்டமர் துண்டு, மூக்கச் சிந்தாத."

நவம்பர் 5, திங்கள்

காலையில் எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். டிராயரைத் திறந்தேன், பிரதியை எடுத்தேன், ஜூலை மெயில் மூன்றையும் அச்செடுத்தேன். எட்டரைக்கு நகுமோ-சான் வந்தார். அவர் முன்னால் போய் நின்று, இவற்றை டாக்டர் ட்வைட்டின் வக்கீலிடம் கொடுக்கப் போகிறேன் என்றேன். சொல்லாமல் போகத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம்.

அவர் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அதுல உங்க முத்திரையும் இருக்கே" என்றார்.

"இருக்குங்க."

"என்னுதும் இருக்கு."

"ஆமாங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் நல்லதுக்குத்தான் எழுதினேன் முரோய்-சான். பயமுறுத்த வேணாம்னுதான்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வக்கீல் இகராஷி என்ற பெண்மணி. தாளை இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பென்சிலின் மேல் விரலை வைத்தார்.

"இத முதல் வாரமே கொண்டுவந்திருக்கலாமே."

"ஆமாங்க."

"அவங்களுக்கு அந்த மாத்திரை குடுக்க முடியல. வேற மாத்திரை ஏற்பாடு பண்ண ஒன்பது நாள் ஆயிருச்சு. அதுவரைக்கும் விசாரணையில கேள்வி கேக்கக் கேக்கத் தூங்கி விழுந்திருக்காங்க. ஒத்துழைக்க மறுக்கிறார்னு எழுதியிருக்காங்க." அப்புறம், "அவங்க ஒவ்வொரு தடவையும் முழிச்சதும் மன்னிப்புக் கேட்டாங்களாம்" என்றார்.

வாக்குமூலம் எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அது சாய்ந்துதான் விழுந்தது. யாருக்கு?

நவம்பர் 8, வியாழன்

விடுவித்துவிட்டார்கள். வழக்கில்லை. வேண்டுமென்றே செய்ததற்கு ஆதாரம் போதாது என்று இகராஷி-சான் போனில் சொன்னார். டாக்டர் ட்வைட் மாலை விமானத்தில் ஊருக்குப் போகிறார்.

பார்க்க முடியுமா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார். அரைமணி கழித்துத் திரும்ப அழைத்தார். "வேணாம்னு சொல்லிட்டாங்க. கோபமெல்லாம் இல்லையாம். களைப்பா இருக்காம்."

பத்தொன்பது இரவு. என் டிராயரில் அந்தத் தாள் பதினாறு நாள் சும்மா கிடந்தது. கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

இடமாற்ற உத்தரவு. துறைமுகத் தீவில் உள்ள சரக்குக் கிடங்கு. பலகைகள், மேசைத்துணிகள், பெயரட்டை மாட்டும் கழுத்துப்பட்டைகள். நகுமோ-சான் நவம்பரோடு முன்கூட்டியே ஓய்வு பெறுகிறாராம். பிரிவில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. டீ மட்டும் வழக்கம்போல என் மேசைக்கும் வருகிறது. பேசாமல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மார்ச் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுவே பதில்.

டிசம்பர் 3, திங்கள்

கிடங்குக்குப் போகும் முன் கடைசி வேலை: பங்கேற்பாளர் கருத்துப் படிவங்களைத் தொகுப்பது. பதிவு செய்த எல்லாருக்கும் கணினி தானாகவே அனுப்பிவிடும். எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான். யாருமே அதை யோசிக்கவில்லை. நானும்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள். பெயர் இருக்காது. 388ஆவதைத் திறந்தேன்.

அரங்கம் எப்படி இருந்தது — பார்க்கவில்லை. உணவு — பார்க்கவில்லை. நடைமுறைத் தகவல் பயன்பட்டதா என்ற கேள்விக்கு மட்டும் இப்படி:

"கையேட்டை முழுக்கப் படித்தேன், சொன்னபடியே எல்லாம் செய்தேன். பிளக்கு வாங்கினேன். குப்பைக்குப் பை வைத்திருந்தேன். ஓட்டை இல்லாத காலுறை போட்டு வந்தேன். அங்கேயும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒரே ஜோடிதான் கையில் இருந்தது. தினமும் துவைத்துப் போட்டேன். கடைசி வரை ஓட்டை விழவில்லை. எழுதியவருக்கு நன்றி. ஒன்பதாம் பக்கத்தை மாற்றுங்கள்."

அவருக்கு என் பெயர் தெரியுமா, வக்கீல் சொல்லியிருப்பாரா? தெரியவில்லை. தெரிந்தும் எழுதியிருந்தால் — வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

புதிதாக வந்த தலைவர் பெண். மெதுவாகப் பேசுகிறார். 388ஐப் பார்த்துவிட்டு, "இத அப்படியே போடணுமா? கொஞ்சம் சுருக்கி, மருந்து விதிமுறைகள் பற்றிக் கருத்து வந்ததுன்னு எழுதிட்டா போதுமே" என்றார்.

"அப்படியே போடணுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடக் கையேட்டின் மாதிரியோடு அதைச் சேர்த்துக் கட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் என் பழைய இரண்டு வரி. ஒரு சொல்லும் மாற்றவில்லை. தொகுத்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. முத்திரையை மையில் ஒற்றி, கட்டத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, நேராக வைத்தேன்.

ஜூனில் அப்படி வைத்திருக்க வேண்டும்.