காளைவழி

மார்ச் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலம். உன் தலைவலி எப்படி இருக்கு? நீ சொன்னபடியே வால்முடியை வேரோடு பிடுங்கி, தனித்தனிக் காகித உறையில் போட்டு எண் எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு பசு. பதினேழாம் நம்பர் என் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டாள். நீ கேட்டது பசுக்கள்தான். ஆனாலும் நம் மூன்று காளைகளின் முடியையும் சேர்த்திருக்கிறேன். அதுகளும் அப்பா வளர்த்த வம்சம்தானே.

இனப் பாதுகாப்புச் சங்கம் தூய்மைச் சான்று கொடுத்தால் மந்தையை அப்பா பெயரிலேயே பதிவு செய்வார்களாம். மரபணுப் பரிசோதனை உன் ஆய்வகத்தில் என்றதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அப்பாவின் வம்சாவளி நோட்டும் இதோடு வருகிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே.

வீட்டுப் பக்கம் வர இன்னும் மனசு வரலையா?

அண்ணன்

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணா,

முழங்கால் ஆறியதா? மருந்து போடாமல் மஞ்சளைப் பூசிக்கொண்டு திரிவாய், தெரியும்.

நல்ல செய்தி முதலில். திமில் உள்ள மாடும் திமில் இல்லாத மாடும் பல ஆயிரம் வருடங்களுக்கு முன் வேறு வேறு காட்டு மந்தைகளிலிருந்து பழக்கப்படுத்தப்பட்டவை. நம் பசுக்கள் இருபத்திரண்டும் தாய்வழியில் திமில் பக்கம்தான். அப்பா பெருமைப்பட்டதில் தப்பே இல்லை.

காளைகள்தான், அண்ணா. அப்பனிடமிருந்து ஆண் கன்றுக்கு மாறாமல் இறங்கும் தந்தைவழி அடையாளம் மூன்றுக்கும் திமில் இல்லாத சீமைப் பால் மாட்டினுடையது. உறை மாறியிருக்குமோ என்று மறுபடி செய்து பார்த்தேன். மாறவில்லை. பசுக்களிடமும் அந்தக் கலப்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஐந்தாறு தலைமுறைக்கு முன்பு வந்தது. ஏறக்குறைய இருபத்துமூன்று வருடம்.

நோட்டில் அந்த வருடத்துக் கன்றுகள் மூன்றுக்கும் தகப்பன் 'நம்ம வெள்ளை' என்று உன் கையெழுத்து.

அது எந்த வருடம் என்று உனக்குத் தெரியும். கல்லூரி விடுமுறையில் வந்த நான், மாடு பார்க்க வந்தவர்கள் முன்னால், "இந்தக் கன்னுக்குத் திமிலே சரியா எழும்பல, வெளி ரத்தம்ப்பா" என்றேன். "என் மந்தையைக் குறை சொல்ற வாய்க்கு என் வீட்ல வேலையில்ல" என்றார் அப்பா. நீ அந்தக் கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதன்பின் சாகும்வரை பதினோரு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. படித்த திமிரில் உளறிவிட்டேன் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் தங்கை

மே 2

சுண்டெலி,

தெரியும்.

அப்பா கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் மந்தை என் பொறுப்பு. நம் காளை வெள்ளைக்கு இடுப்பு விழுந்து எழும்பவே இல்லை. மூன்று பசு பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டு நின்றன. தவறவிட்டால், "மூணு மாசம் பார்த்துக்கத் துப்பில்லையா?" என்பார். பால் பண்ணைக் காளையிடம் ஓட்டிக்கொண்டு போனேன். நோட்டில் வெள்ளை என்று எழுதினேன். இருபது வயசு எனக்கு.

நீ அன்றைக்குச் சொன்னதும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே நீ பஸ் ஏறிவிட்டாய். உன் மேல் இருந்த வீம்பில் அந்தக் கன்றையே அப்பா மந்தைக்குக் காளையாக்கினார்.

பாதி, கால், அரைக்கால், மாகாணி என்று கரைந்து இத்தனை நாளில் ஒன்றுமில்லாமல் போயிருக்கும் என்றுதான் காளை முடியையும் அனுப்பினேன். அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி மாதம் அப்பா தொழுவத்தில் அந்தக் காளையின் முதுகைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "சின்னவ சொன்னது சரிதானோடா?" என்றார். "இல்லப்பா" என்றேன். "அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.

சான்று கிடக்கட்டும். ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டாவது போ.

அண்ணன்

மே 20

அண்ணாவுக்கு,

சங்கத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். தாய்வழி சரியாக இருப்பதால் பசுக்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். காளைகளை மாற்றச் சொல்வார்கள். பதிவில் அப்பா பெயர் வராது.

தப்பில் என் பங்கும் இருக்கிறது. கன்றைப் பற்றி அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என் படிப்பைக் காட்ட ஆசைப்பட்டேன். இத்தனை வருடமும் அதை நினைத்து வருந்தாத நாளில்லை.

பயந்துபோய் மூன்று பசுவை ஓட்டிக்கொண்டு போன இருபது வயசுப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொழுவத்தில் "இல்லப்பா" என்றவனுக்கு முப்பது தாண்டியிருந்தது. அன்றைக்கு நீ "ஆமாப்பா" என்றிருந்தால் அவர் என்னைக் கூப்பிட்டிருப்பார். கூப்பிடாமலும் இருந்திருக்கலாம். எது என்று இனி எந்த ஆய்வகத்திலும் பார்க்க முடியாது.

"சின்னவ" என்று அவர் என்னைப் பற்றி வாயில் எடுத்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த மூன்று வரியை நான் தொடவில்லை. நீ எழுதியது, நீயே திருத்து. என்னை வரச் சொல்லி எழுதாதே. வர முடிகிற நாளில் நானே வருவேன். அப்படி ஒரு நாள் இருக்கிறதா என்று தெரியவில்லை.

முழங்காலை டாக்டரிடம் காட்டு.

சின்னவள்