மலை பார்க்க வரவில்லை நான்

மூதூர்
2.8.1942

அன்பு மகள் ஜெஸீமாவுக்கு உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் எனக்கும் வாப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனம்தான் நேற்று முதல் கொதித்துக்கொண்டிருக்கிறது. நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் தொழுது துஆ கேட்கிறேன்.

மருமகன் கலீலுர் றஹ்மானின் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கம்பளைக்கு வந்து பத்து நாள் தங்கும்படி என்னை மிக மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார். முதல் நாள் களைப்பாறுவதாம், அடுத்த நாள் தேயிலைத் தோட்டமாம், பிறகு நீர்வீழ்ச்சியாம், நுவரெலியாவில் கோவா, லீக்ஸ் மரக்கறி விளைகிற பாத்திகளாம், மலைச் சரிவில் படிபடியாக வெட்டிய வயலாம், ஒரு நாள் முழுக்க மகாவலி கங்கைக் கரையாம். எனக்கு மகாவலி காட்டப் போகிறாராம். அந்த ஆறு மலையெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் பக்கம் வந்துதான் கடலில் விழுகிறது என்பது அவருக்குத் தெரியாதா? உன் வாப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "மனுசன் எவ்வளவு மதிப்பா எழுதியிருக்கிறார், சந்தோசமாப் போயிட்டு வாவன்" என்றார். அவருக்கு நாள் எண்ணத் தெரியாது, எனக்குத் தெரியும். நோன்புத் தலைப்பிறைக்கு ஒரு கிழமை முந்தியே மருமகன் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவாராம், அப்போதுதான் வீட்டு வேலைக்கு இடைஞ்சல் இராதாம். உனக்குப் பேறுகாலம் நோன்பு பத்தில். பிள்ளை பிறக்கப் பதினேழு நாள் இருக்கும்போது என்னை ஸ்டேசனுக்குக் கூட்டிப்போய்க் கோச்சி ஏற்றிவிடத்தான் இத்தனை மலையும் அருவியும். பேற்றைத் தன் உம்மா பார்த்துக்கொள்வார் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார்.

உன் மாமி உம்மு குல்சும் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான் என்று அவர் அறியாதவரா? பங்குனிக் கடைசியில் அக்கரைத் துறைமுகத்தில் யுத்தக் குண்டு விழுந்தபோது குடாவுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஓடெல்லாம் அதிர்ந்தது, சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினோம். அங்கே வரம்பில் குந்தியிருந்துதான் யோசித்தேன், பிள்ளைத்தாய்ச்சியை இந்த நேரத்தில் இங்கே கூப்பிட ஏலாது என்று. நீ வரவேண்டாம், நான் வருகிறேன் என்று எழுதினேன். மகளைப் பேற்றுக்கு அழைக்காத உம்மா என்று ஊரில் கதை கேட்டேன், பொறுத்தேன். வீட்டை விட்டுக்கொடுத்தேன், சரி. உன் பக்கத்தில் நான் இருக்க வேண்டிய இடத்தை எப்போது விட்டுக்கொடுத்தேன்?

ஆகவே என்னுடைய பயணத் திட்டத்தைக் கேள். நோன்புக்கு நாலு நாள் இருக்கும்போது புறப்படுவேன். கடற்படைக்காரர் விடுகிற நேரத்தில்தான் தோணி குடாவைக் கடக்கலாம், கோச்சியில் பட்டாளம் ஏறி மிஞ்சிய இடம்தான் எங்களுக்கு. வாப்பா கூட வருகிறார், இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டே வருவேன். திரும்புவதற்கு நாள் குறிக்கவில்லை, நாற்பது கழியட்டும் பார்க்கலாம். பால்சுறாக் கருவாடு முற்றத்தில் காய்கிறது, பேற்றுச் சரக்கை இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டேன். உன் மாமியின் குசினியில் எனக்கு ஓர் அடுப்பு போதும்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. கடிதத்தின் அடியில் உன் கையெழுத்தில், உம்மா கட்டாயம் வாங்க என்று இருக்கிறது. மேலே குறித்திருந்த நாட்களைப் பார்த்துவிட்டா அதை எழுதினாய்? இரவெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான், அழுகையும் வந்தது. மாமி போதும் என்று நீயே நினைத்தால் ஒளிக்காமல் எழுது. மருமகன் சொன்ன நாளில் வந்து, மலையைப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் திரும்புவேன். எழுத முன்னம் இதை மட்டும் யோசி. நீ பிறந்த அன்று வலி தாங்காமல் என் உம்மாவின் கையைக் கடித்துவிட்டேன். அந்தப் பல் அடையாளம் மௌத்தாகும்வரை அவர் கையில் இருந்தது, ஒரு நாளும் குறை சொன்னதில்லை. உன் மாமி நல்ல மனுசிதான். அவருடைய கையை உன்னால் கடிக்க ஏலுமா?

அல்லாஹ் உனக்கு லேசான பேற்றையும் ஆயுளுள்ள பிள்ளையையும் தரட்டும். படியில் ஓடி இறங்காதே, குளிர் தண்ணீரில் தலை முழுகாதே. இந்தக் கடிதத்தை மருமகனுக்கு நீயே வாசித்துக் காட்டு, கோபமான இடங்களையும் விடாமல் வாசி.

பெட்டி கட்டிவிட்டு உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உம்மா
சித்தி பரீதா