டிஷ்ஷுக்குப் போர்த்திய ஈரச்சாக்கு

நாரணாபுரம்
2.4.2025

அன்புள்ள செல்விக்கு,

நம் பட்டாசுக் கம்பெனியில் போன வாரம் ஒரு மகத்தான முடிவு எடுக்கப்பட்டது. முதலாளி, மேனேஜர், போர்மேன் சங்கையா, நான் ஆகிய நால்வரும் நின்றபடியே கூடி, மாடியிலிருக்கும் சாட்டிலைட் டிஷ்ஷுக்கு ஈரச்சாக்கு போர்த்துவதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். "வெயில்ல காயுற தகரத்தையெல்லாம் மூடுதோம். இது மட்டும் என்னலே, கலெக்டர் மருமகனா?" என்றார் சங்கையா. தினமும் உச்சிவெயிலில் சாக்கை நனைக்கும் பொறுப்பு எனக்கு.

போனில் பேசினால் சண்டை வருகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பெங்களூர் வேலை சரிப்படாவிட்டால் வந்துவிடு.

உன்
முனியராஜ்


பெங்களூர்
4.4.2025

அன்புள்ள மாமா,

போனில் அழுதுவிடுவேன் என்றுதான், உங்கள் கடிதம் வரும்வரை காத்திராமல் எழுதுகிறேன். சாட்டிலைட் வழியாக வரும் அலையில் தகவல் சரியாக ஏறியிருக்கிறதா என்று அளப்பது என் வேலை. திரையில் புள்ளிகள் தத்தம் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு வாரமாக, எங்களிடம் இணைப்பு வாங்கியிருக்கும் உங்கள் கம்பெனிப் புள்ளிகள் மட்டும் நடுப்பகலில் தரைச்சக்கரப் பொறிபோலச் சிதறுகின்றன. பொழுது சாயச் சாய அடங்குகின்றன. "வானம் தெளிவா இருக்கு. நீ அளந்ததுதான் தப்பு" என்கிறார் என் மேலதிகாரி சபரிநாதன் சார். புரொபேஷன் இந்த மாதம் முடிகிறது. வேலையில் வைப்பதா, அனுப்பிவிடுவதா என்பது அவர் கையில்.

சாப்பாடு பரவாயில்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள்.

செல்வலட்சுமி


நாரணாபுரம்
8.4.2025

அன்புள்ள செல்விக்கு,

என் கடிதத்தைப் படித்த கையோடு நீ கம்பெனி போனில் கூப்பிட்டு, "ஏங்க, மொதல்ல அந்தச் சாக்கை எடுங்க" என்றபோது, போனை எடுத்த மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். நான் வாளியோடு மாடியில் இருந்தேன். சாக்கை எடுத்தாயிற்று. உன் வேலைக்கு நானே தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்த்திருக்கிறேன். வந்துவிடு என்று எழுதியதை அடித்துவிடு.

முனியராஜ்


பெங்களூர்
14.4.2025

அன்புள்ள மாமா,

சாக்கின் ஈரம்தான் அலையை விழுங்கியிருக்கிறது. சாக்கை எடுத்த நேரத்திலேயே புள்ளிகள் இடம்பிடித்து உட்கார்ந்தன. சபரிநாதன் சார் நம்பவில்லை. ஒரு சாக்கை நனைத்து எங்கள் மாடி டிஷ்ஷில் போடச் சொன்னார். சிதறியது. எடுக்கச் சொன்னார். அடங்கியது. நான் அளந்தது சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரமாகிவிட்டது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சித்திரைப் பொங்கலுக்கு வருவேன், முடிந்ததும் திரும்பிவிடுவேன். நீங்களும் கூட வந்து கொஞ்ச நாள் இருங்க.

உங்கள்
செல்வி

பி.கு.: இன்று முதல் எங்கள் மாடிக்குச் சாக்கு கொண்டுபோக மேலதிகாரியின் அனுமதி வேண்டும்.